சின்னான் குடிக்கும் சிமெண்டு

எங்கள் ஊரான சுங்கை பஞ்சாங்கில் பறவைக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தால் சிரிப்பார்கள். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நெல்வயல், மாலையானால் மழை. ஆனால் வாய்க்கால் கரை செங்குத்து. சின்னான் குருவி இறங்கி நிற்க இடமில்லை. வயலுக்கு மருந்தடித்த வாரத்தில் அந்தத் தண்ணீரை நான் வாயில் வைக்க மாட்டேன். குருவி மட்டும் வைக்க வேண்டுமா?

என் வாசலில் நிற்பது, தோட்டத்தில் கொத்து வேலை பார்த்த நாளில் மிஞ்சிய சிமெண்டில் நானே வார்த்த தொட்டி. பழைய குவாலிச் சட்டியைக் கவிழ்த்து, எண்ணெய் தடவி, கோழிக்கூட்டுக் கம்பிவலையைப் போர்த்தி, மேலே சாந்து அப்பினேன். பத்து வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு, காலையில் நிரப்பினால் மத்தியானம் வெறும் ஈரம்தான் மிச்சம்.

கூரை ஒழுக்குக்கு வாங்கிய கறுப்புத் தார் அரை டின் கிடந்தது. அதைப் பூசினேன். ஒழுக்கு நின்றது, வெயில் ஏறியதும் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். நாற்பது வருஷம் கரண்டி பிடித்தவனுக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான். இரண்டு மாலை உட்கார்ந்து உளியால் கொத்தி எடுத்தேன். அடுத்து ஒரு கடையில் குளியலறைச் சிலிக்கானை நீட்டினார்கள். பூஞ்சை பிடிக்காது என்று குழாயில் எழுதியிருந்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து உள்ளே இருக்கிறது என்பதுதானே அதற்கு அர்த்தம்? அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

ஒழுகும் இடத்தை வெறுங்கண்ணால் தேடிப் பயனில்லை. தொட்டியை ஒரு ராத்திரி நிரப்பி வைத்து, காலையில் கொட்டித் துடைத்து, நிழலில் வையுங்கள். மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுத்து நிற்கும். அது காய்வதற்குள் கரித்துண்டால் அடையாளம் போட்டுவிட வேண்டும். என் தொட்டியில் அது நடுவிலிருந்து விளிம்புவரை தலைமுடி மாதிரி ஓடியது. ஒரு முனையில் செந்நிறக் கறை: உள்ளே வலை துருவேறி, உப்பி, சிமெண்டைப் பிளந்திருந்தது.

அது பாதிக் காரணம். இந்தக் கரையோரக் களிமண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். தொட்டியைத் தாங்கிய தூண் ஒரு பக்கம் சாய்ந்து, பாரம் முழுவதும் ஒரே விளிம்பில் விழுந்திருந்தது. அடியில் நாலு பாக்காவ் மரக்கட்டை அடித்துத் தூணை நிமிர்த்திய பிறகுதான் வெடிப்பில் கை வைத்தேன்.

வெடிப்பை வாய் குறுகி வயிறு அகன்றதாகக் கொத்த வேண்டும். அடைத்த சாந்து பிறகு கழன்று வராது. துருப்பிடித்த கம்பியை நறுக்கி எறிந்தேன். தூசியைத் தட்டி, முதல் நாளே நனைத்து, தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி, சிமெண்டுப் பால் தடவினேன். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு கழுவிய ஆற்று மணல். செகிஞ்சான் கடற்கரை பக்கம்தான், ஆனால் அந்த மணலின் உப்பு மிச்சக் கம்பியையும் தின்றுவிடும். பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் நிற்கவேண்டும், உதிர்த்தால் உதிரவேண்டும். வெயில் தாழ்ந்த பிறகே அடைத்தேன். ஈரக் கோணிச்சாக்கு ஏழு நாள்.

சிமெண்டே தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மேல்பூச்சு வேண்டும். குடிநீர்த் தொட்டியின் உட்புறம் பூசலாம் என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும் சிமெண்டுப் பூச்சை மட்டும்தான் வாங்குவேன். முதல் பூச்சு நெடுக்காக, அது இறுகியதும் இரண்டாவது குறுக்காக. கடைசியில் தேங்காய் நாரால் லேசாக இழுத்து விட்டேன். கண்ணாடி போல வழவழப்பாக்குவது கொத்தனாரின் பெருமை. குருவிக்குக் கால் வழுக்கும்.

பூச்சும் இறுகிய பிறகு, பொறுமையைச் சோதிக்கும் வேலை ஒன்று பாக்கி. புதுச் சிமெண்டில் நின்ற தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதன் பி.எச். 12ஐத் தாண்டும். விரலை விட்டால் சவர்க்காரம் போல வழுக்கும், மேலே வெள்ளை ஆடை படியும். மேலே பலகை போட்டு மூடி, தினமும் கொட்டி நிரப்பினேன். மீன் தொட்டிக் கடையில் விற்கும் சோதனைத் தாள் 8க்கு இறங்கப் பதினோரு நாள் ஆயிற்று. பலகையை எடுத்த அன்று மாலையே ஒரு சின்னான் வந்தது. விளிம்பில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு மிடறு குடித்துவிட்டுப் பறந்தது. மைனாக்கள் மறுநாள் கூட்டமாக வந்து பாதித் தண்ணீரை வெளியே இறைத்தன.

இரண்டு விரற்கடை ஆழம் போதும், நடுவில் ஒரு கல். ஒழுகாத தொட்டியில் கொசுவும் குடியேறும். இந்த வெயிலுக்கு ஏடிஸ் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உள்விளிம்பைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.