கம்பி மாறினால் கழுத்தும் வளையும்

காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் திருக்கனூர். அங்கே கல்யாண வரவேற்புகளில் எலக்ட்ரிக் கிடார் வாசிக்கும் இளைஞர் ஒருவர், ஆவணி முகூர்த்தங்கள் தொடங்க ஒரு வாரம் இருக்கையில் கம்பிகளை மாற்றினார். அதுவரை போட்டிருந்தது 9 நம்பர் செட். 'தடித்த கம்பி போட்டால்தான் சத்தத்தில் கனம் இருக்கும்' என்று யாரோ சொல்ல, 10 நம்பருக்குத் தாவிவிட்டார்.

மாட்டிச் சுருதி சேர்த்தால், பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு கம்பியை ஏற்றினால் இன்னொன்று இறங்கியது. அரை மணி நேரம் வாசித்ததில் விரல் நுனி கன்றிப்போனது. மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கிடார் வாங்கிக்கொடுத்த அம்மாவுக்குப் பதற்றம். "தவணையே இன்னும் முடியல, அதுக்குள்ள ஒடச்சிட்டியாடா?"

உடையவில்லை. பாரம் கூடியிருந்தது, அவ்வளவுதான். 9, 10 என்பதெல்லாம் முதல் கம்பியின் தடிமன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தலைமுடியில் பாதிகூட வராது. ஆனால், வழக்கமான சுருதியில் 9 செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 38 கிலோ; 10 செட் இழுப்பது சுமார் 47 கிலோ. கூடுதல் இழுப்பில் மரக்கழுத்து முன்னால் வளைகிறது, பிரிட்ஜ் எழும்புகிறது.

சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ, போனில் ஒரு ட்யூனர் ஆப் போதும். வரிசைதான் முக்கியம். முதலில் கிடாரின் பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்துப் பார்த்தார். பிரிட்ஜ் பழைய நிலைக்கு இறங்கியது. அடுத்தது கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி. முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால், ஏழாவது ஃப்ரெட் அருகே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அவருடையதில் அதைவிட அதிகம் இருந்தது. கால் சுற்று இறுக்கிவிட்டு, மறுநாள் வரை கிடாரைத் தொடவில்லை. மரம் மெதுவாகத்தான் அசையும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகுகிறவர்கள்தான் நிஜமாகவே உடைக்கிறார்கள்.

பிறகு சேடில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்தினால் சுருதி ஏறுகிறதா, சேடிலைப் பின்னால் தள்ளவேண்டும், இறங்கினால் முன்னால். ஆறு கம்பிக்கும் இதைப் பார்க்க ஒரு மாலை முழுக்க ஆகிவிட்டது.

தடித்த கம்பி மோகம் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவின் ஸ்டீவி ரே வான் 13 நம்பர் கம்பியெல்லாம் போட்டு வாசித்தவர். கூடவே சுருதியை அரைப்படி இறக்கிக்கொண்டார். கீபோர்டுடன் சேர்ந்து வாசிக்கிறவருக்கு அந்த வழி ஒத்துவராது. நம்மூரில் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் செய்ததோ நேர் எதிர். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி இருக்கவேண்டிய மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு எலக்ட்ரிக் மாண்டலின் வாசித்தார். இரட்டைக் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம்! தன் இசைக்கு எது வேண்டுமோ அதைக் கம்பியில் தேடினார் அவர்.

திருக்கனூர்க்காரருக்கு மிச்சம் இருந்தது நட். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் 9 நம்பருக்கு வெட்டியவை. பிருடையைத் திருகும்போதெல்லாம் 'டிங்' என்று ஒரு சத்தம். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்ததும் குறைந்தது. அரத்தை மட்டும் அவர் கையில் எடுக்கவில்லை. திருகிய திருகைத் திரும்பத் தளர்த்தலாம்; சீவிய நட்டை ஒட்டவைக்க முடியாது. முகூர்த்தங்கள் முடிந்ததும் புதுச்சேரிக்குப் போய், பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுக்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, ஒத்திகைக்குக் கிளம்பினார்.