கோலோவைத் திட்டியவர்களுக்கு

மட்டாஞ்சேரியில், பள்ளிப் பெருநாள் இரவில், மணலில் பாய் விரித்து ஜெனோவா நாடகம் பார்த்த பெரியோர்களுக்கும் அம்மச்சிமாருக்கும், மேடைத் தட்டுக்கு முன்னால் தூங்கித் தூங்கி விழித்த பிள்ளைகளுக்கும் வணக்கம்.

உங்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில், டோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று என் அத்தை வீடு. விடுமுறைக்கு வந்திருந்த என்னை அவர்தான் அழைத்து வந்தார். "சவிட்டு நாடகம் போடுறாங்க, வா. நம்ம பேச்சுலதான் பாடுவாங்க. பாதி புரியும்" என்றார். பள்ளி என்றால் உங்கள் ஊரில் மாதா கோயில் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அந்த ஓர் இரவுக்காக இத்தனை ஆண்டுகள் கழித்து நன்றி சொல்ல இந்த மடலை எழுதுகிறேன். கூட்டத்துக்குச் சொல்லும் நன்றி என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று பகலில் உங்கள் அரண்மனையைப் பார்த்திருந்தேன். போர்ச்சுகீசியர் 1555இல் கட்டிக் கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தது. பின்னாளில் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கியது. சுவர் முழுக்க ராமாயணம். கீழ் அறை ஒன்றில் மோகினியிடம் மயங்கி நிற்கும் சிவன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தோம். கலையை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். சத்தம் போடாமல், எட்டி நின்று.

இரவில் நீங்கள் அதை மாற்றினீர்கள்.

பலகைத் தட்டு. செண்டையும் தாளமும். ரோமப் படைவீரர் போலத் தலைக்கவசமும், ஜிகினா வைத்த சட்டையும், முழங்கால் வரை காலுறையும் போட்டவர்கள் பாடிக்கொண்டே பலகையை மிதித்தார்கள். சவிட்டு என்றால் மிதி. மிதிக்கும்போது அந்த அதிர்வு மணல் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. கட்டியக்காரன் வந்து போனான். பிறகு விருத்தம் தொடங்கியது. நான் திடுக்கிட்டேன். அது தமிழ். தேய்ந்த தமிழ், மலையாளம் ஊறிய தமிழ், ஆனாலும் தமிழ். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசானுக்கு அண்ணாவி என்று பெயர் என்று அத்தை காதோடு சொன்னார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கூத்துப் பழக்குகிறவரும் அண்ணாவியார்தான். கார்ல்மான் சரிதம் என்ற பெருநாடகத்தை எழுதியவராக நீங்கள் நினைவில் வைத்திருக்கும் சின்னத்தம்பி அண்ணாவி, தமிழ்நாட்டிலிருந்து உங்கள் கரைக்கு வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. அவரைத் தமிழ்நாடு மறந்துவிட்டது. நீங்கள் மறக்கவில்லை.

ஜெனோவாவின் கதை ஐரோப்பாவின் பழங்கதை. பிரபாண்டு நாட்டுப் பிரபு குலத்துப் பெண் அவள். கணவன் போருக்குப் போகிறான். அரண்மனையையும் மனைவியையும் காரியக்காரன் கோலோவின் பொறுப்பில் விட்டுப் போகிறான். கோலோ முதலில் பணிவாகப் பேசுகிறான், பிறகு இனிமையாகப் பேசுகிறான், பிறகு ஆசையைச் சொல்கிறான். அவள் மறுத்ததும், சமையற்காரனோடு அவளுக்குத் தொடர்பு என்று கதை கட்டிக் கணவனுக்குச் செய்தி அனுப்புகிறான். கொன்றுவிடும்படி பதில் வருகிறது. கொல்ல அழைத்துப் போனவர்கள் மனம் இரங்கிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பெண்மான் ஒன்று பால் கொடுத்துக் குழந்தையைக் காக்கிறது. பல ஆண்டு கழித்து வேட்டைக்கு வந்த கணவன், அந்த மானைத் துரத்திப் போய் மனைவியின் குகை வாசலில் நிற்கிறான்.

கதை உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கோலோ தட்டில் ஏறி முதன்முதலாகத் தலை வணங்கியபோதே உங்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்ததே, அதைத்தான் நான் மறக்கவில்லை. அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. நல்ல வார்த்தைதான் பேசுகிறான். அதற்குள் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மச்சி, "மோளே, அவனெ விஸ்வஸிக்கல்லே" என்று ஜெனோவாவுக்கு எச்சரிக்கை விட்டார். ஜெனோவா வேடம் கட்டியிருந்தவர் மீசை மழித்த ஓர் ஆண்பிள்ளை. அது அம்மச்சிக்கு ஒரு பொருட்டே இல்லை. கோலோ அவள் கையைப் பிடித்ததும் பின் வரிசையில் மீன்பிடிக்கிற ஆட்கள் எழுந்து நின்றார்கள். "எடா!" என்ற சத்தம் நாலா பக்கமும். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். செண்டைக்காரர் அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். உங்கள் கோபத்துக்கும் ஆட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார் அவர்.

கடிதம் போய், பொய் ஏறி, தண்டனை வந்தபோது பாடல் மெதுவாக நடந்தது. நீட்டி இழுத்துப் பாடியதில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. தமிழ் தெரிந்தவன் நான், அதைப் பற்றி உங்களுக்கு விளக்கம் சொல்லக்கூடியவன் நான் என்று எண்ணியிருந்தேன். அம்மச்சியிடம் கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலேயே தம் வயிற்றின்மேல் கையை வைத்தார். அப்போதுதான் புரிந்தது. சூல். அவள் சூலோடு இருக்கிறாள், கணவனுக்கு அது தெரியாது. என் பாட்டி மாட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கேட்டிருந்த சொல். ஒரு தமிழ்ச் சொல்லை மட்டாஞ்சேரிக்காரர் கையசைவில் திரும்பப் பெற்றேன். உங்கள் முன்னோர்கள் பாதி புரிந்த மொழியில் இந்தப் பாட்டைப் பல தலைமுறை கேட்டிருக்கிறார்கள். சொல் பாதிதான் புரிந்தது, யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதோ முழுவதும் புரிந்திருந்தது. அதற்காக உங்களுக்கு முதல் நன்றி.

இதை நான் ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இதற்கு நேர்மாறான பார்வையாளனாக நான் வளர்ந்தவன். பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி ஷொதெர்லோ தெ லாக்லோ 1782இல் வெளியிட்ட ஒரு நாவல், முழுக்கக் கடிதங்களால் ஆனது. வால்மோன் என்ற பிரபுவும் மெர்த்தூய் என்ற பிரபு குலப் பெண்ணும் பந்தயம் வைத்துப் பிறர் வாழ்வைக் கெடுக்கிறார்கள். பக்தி மிகுந்த ஒரு மணமான பெண் அதில் சிதைந்து சாகிறாள். 1988இல் ஸ்டீஃபன் ஃபிரியர்ஸ் அதைப் படமாக்கினார். சென்னையில் ஒரு திரையிடலில் அதைப் பார்த்தேன். வால்மோனின் சாமர்த்தியத்துக்கு அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவனிடம் சிக்கிய பெண் அழும்போது யாரும் "அவளெ விடடா" என்று சொல்லவில்லை. நடிப்பு எவ்வளவு நுட்பம், உடை எவ்வளவு அழகு என்று வெளியே வந்து பேசினோம். படத்தின் கடைசியில் மெர்த்தூய் ஓபரா அரங்கத்தில் தன் இருக்கைக்கு வருகிறாள். கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்து ஊளையிடுகிறது. அப்போதுதான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அந்த ஊளையைப் பற்றிப் பிறகு நெடுநாள் யோசித்தேன். வால்மோனுக்கு வாள்சண்டையில் வீரச் சாவு. ஊளை பெண்ணுக்கு. இருவரும் சேர்ந்து செய்த கேட்டுக்குக் கூட்டத்தின் தீர்ப்பு ஒருத்தியின் தலையில் இறங்கியது. கூட்டம் சத்தம் போடுவதாலேயே நியாயம் வந்துவிடாது. உங்கள் கொச்சி ராஜ்யத்திலேயே 1905இல் குறியேடத்துத் தாத்ரியின் ஸ்மார்த்த விசாரம் நடந்தது. நம்பூதிரி இல்லத்துப் பெண் கற்புத் தவறினாள் என்ற வழக்கு. விசாரணை முடியும்வரை அவளுக்குப் பெயர் கிடையாது, 'சாதனம்' என்றே சொல்ல வேண்டும். வழக்கமாக அவளோடு முடிந்துபோகும் அந்தச் சடங்கில், தாத்ரி தன்னிடம் வந்த ஆண்களின் பெயர்களைச் சொன்னாள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சாதிவிலக்கம் பெற்றார்கள். காவுங்கல் சங்கரப் பணிக்கர் என்ற பெரிய கதகளி நடிகரும் அவர்களில் ஒருவர். அந்தப் பெண்ணுக்காக ஒரு குரல் எழுந்ததாக நான் படித்ததில்லை.

அதனால்தான் பள்ளி முற்றத்தில் நீங்கள் போட்ட சத்தம் எனக்கு அரிதாகத் தோன்றுகிறது. குற்றம் சாட்டப்பட்டவளை நோக்கி ஒரு சுடுசொல்லும் வரவில்லை. அவள் குற்றமற்றவள் என்று நிரூபணம் ஆகும்வரை நீங்கள் காத்திருக்கவும் இல்லை. பொய்க் கடிதத்தை நம்பிய கணவனையும் நீங்கள் விடவில்லை. அவன் போரிலிருந்து திரும்பி அழுதபோது, முன்வரிசையில் ஒரு பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய மகளாக இருக்க வேண்டும், அவரும் திரும்பிக்கொண்டார். மன்னிப்பது ஜெனோவாவின் உரிமை, நம்முடையது அல்ல என்று அந்தத் திரும்பல் சொன்னது. எந்த விமரிசனக் கட்டுரையிலும் இதை நான் படிக்கவில்லை.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கும் அந்நியமல்ல. 1953இல் எஃப். நாகூர் இயக்கத்தில் 'ஜெனோவா' தமிழிலும் மலையாளத்திலும் வந்தது. எம்.ஜி.ஆரும் பி.எஸ். சரோஜாவும் நடித்தார்கள். எம்.ஜி.ஆர். நடித்த ஒரே மலையாளப் படம் அதுதான். கோலோவாகத் தமிழில் பி.எஸ். வீரப்பா, மலையாளத்தில் ஆலப்பி வின்சென்ட். என் அத்தை அந்தப் படத்தைப் பார்த்தவர். வீரப்பாவை வாழ்நாள் முழுக்க வெறுத்தேன், பாவம் அந்த மனிதர் என்பார். உங்கள் கரைக்கோ கதை அதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்து மலையாளக் கவியாகவே ஆகிவிட்ட அர்ணோஸ் பாதிரியாரின் பெயரில் ஒரு ஜனோவா பர்வம் சொல்லப்படுகிறது. அவர் மறைந்தது 1732இல்.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்டின் பெருநாவலின் முதற்பகுதி 1913இல் வந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு சிறுவனின் படுக்கையறைச் சுவரில் மாயவிளக்கு படம் காட்டுகிறது. அந்தப் படத்தில் குதிரையேறிப் போகிறவன் இதே கோலோ. பார்த்து முடித்த சிறுவன் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்கிறான். கோலோவின் குற்றத்தைக் கண்டு தன் மனத்தையே கிளறிப் பார்க்கிறான். அதைப் படித்தபோது எனக்கு பாரிஸ் நினைவுக்கு வரவில்லை. காட்டில் ஜெனோவா தனியாகக் குழந்தையோடு நின்ற கட்டத்தில், தூக்கம் கலைந்து எழுந்து அம்மாவின் மடியில் முகம் புதைத்த உங்கள் வீட்டுப் பையன்தான் நினைவுக்கு வந்தான். அவன் வளர்ந்து இப்போது வேலைக்குப் போயிருப்பான். அவனுக்கும் என் நன்றி.

கோலோவாக ஆடியவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடியும் நேரத்தில் ஆட்டம் முடிந்து நீங்கள் தட்டிலிருந்து இறங்கி வந்தீர்கள். தலைக்கவசம் கையில், சாயம் வியர்வையில் வழிந்திருந்தது. அந்த அம்மச்சி எழுந்து, உங்களை நேருக்கு நேர் பார்த்து, ஒரு முழு வசவை இறக்கினார். நீங்கள் கைகூப்பி, தலைகுனிந்து, அதை முழுவதும் வாங்கிக்கொண்டீர்கள். முடிந்ததும் அவர் தம் தூக்குப் பாத்திரத்திலிருந்து உங்களுக்குக் கட்டன் சாயா ஊற்றிக் கொடுத்தார். நடிகருக்கு இவ்வளவு உயர்ந்த மரியாதை கிடைத்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும், அவர் இன்று இல்லை. கோதுருத்தில் பிறந்த சபீனா ராஃபி, சவிட்டு நாடகத்தைப் பற்றிப் பேசவே ஆள் இல்லாத காலத்தில் சுவடிகளையும் அண்ணாவிமாரின் நினைவுகளையும் தேடிச் சேர்த்து, 1964இல் புத்தகமாக்கினார். அவர் எழுதியிராவிட்டால் என் போன்றவர்கள் அந்த இரவை விநோதமான ஒரு வேடிக்கையாக நினைத்து மறந்திருப்போம். ஷாஜி என். கருணின் 'குட்டி ஸ்ராங்க்' படத்தில் மம்முட்டி சவிட்டு நாடக வேடம் கட்டினார். கேரளப் பள்ளிக்கூடக் கலைவிழாவில் இப்போது அது போட்டியாகவும் நடக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே சில நிமிடத்தில் ஆடி முடித்தாக வேண்டும், கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கையில் மதிப்பெண் தாள் இருக்கிறது. கோலோவைத் திட்டுவதற்கு அங்கே நேரமில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜெனோவாவை முழு இரவும் போடுங்கள். பிள்ளைகளை அழைத்து வாருங்கள், அவர்கள் பாதியில் தூங்கினாலும் சரி. தமிழ்நாட்டில் இந்த மடலைப் படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கொச்சிக்குப் போனால் மிளகுக் கிடங்குகளையும் சீன வலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பெருநாள் காலத்தில் எந்தப் பள்ளியில் தட்டு கட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். போய் மணலில் உட்காருங்கள். புரியாத சொல்லைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.

அத்தை போன பிறகு எனக்குக் கொச்சியில் வீடு இல்லை. ஆனாலும் அடுத்த பெருநாளுக்கு வருகிறேன். கட்டியக்காரன் தட்டில் ஏறும் முன்பே வந்துவிடுவேன்.

நன்றியுடன்,
அன்றிரவு உங்கள் பாயின் ஓரத்தில் இடம் கிடைத்தவன்