இறக்கி வைத்த வீடு

என் மகள் கனடாவில், கியூபெக் மாகாணத்து ஷெர்புரூக்கில் இருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம் நான் அங்கே போயிருந்தபோது நடந்தது இது. பேரனுக்கு அப்போது ஆறு வயது. இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டில் என் வயதுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவரும் ஓய்வு பெற்றவர்தான். புதுச்சேரியில் நான் பள்ளிப் படிப்பைப் பிரெஞ்சில் படித்தவன் என்று தெரிந்ததும் வேலிக்கு அப்பாலிருந்தே கையை நீட்டினார். இரண்டாவது நாளே என்னை ஒருமையில் அழைக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் வாத்தியார் காதில் விழுந்திருந்தால் பிரம்பு பேசியிருக்கும். ஆனால் அங்கே அது மரியாதைக் குறைவு அல்ல, நெருக்கம். அவர்கள் காரை ‘ஷார்’ என்கிறார்கள். நான் படித்த பிரெஞ்சில் ஷார் என்றால் ரதம், தேர். “என் ஷாரைப் பார்க்க வா” என்று அவர் கூப்பிட்டபோது எனக்கு வில்லியனூர்த் தேர்தான் கண்முன் வந்தது.

அவரிடம் ஒரு பிக்கப் லாரியும், அதன் முதுகில் ஏற்றி வைக்கும் கேம்பர் ஒன்றும் இருந்தன. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுப்பது அல்ல. இதற்குச் சக்கரமே கிடையாது. லாரியின் தொட்டிக்குள் உட்காரும் ஒரு சின்ன அறை. உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி, கழிவறை எல்லாம் உண்டு. ஓட்டுநர் தலைக்கு மேலே நீண்டிருக்கும் பகுதியில் படுக்கை. சாமான்களோடு ஒரு டன்னுக்கு மேல் எடை. ஊர் சுற்றி வந்த பிறகு லாரி வேறு வேலைக்கு வேண்டுமென்றால் இந்த அறையை இறக்கி வைக்க வேண்டும். அதற்காக நான்கு மூலைகளிலும் நான்கு ஜாக்கிகள் கால்களைப் போல நிற்கும். லாரியோடு பிணைத்திருக்கும் கொக்கிகளையும் மின்சார வயரையும் கழற்றிவிட்டு, ஜாக்கிகளால் அறையைத் தூக்கி, அடியிலிருந்து லாரியை அங்குலம் அங்குலமாக வெளியே ஓட்டுவார்கள். அப்போது அந்த வீடு நான்கு மெல்லிய கால்களில் அந்தரத்தில் நிற்கும்.

அன்று காலை அவர் அதைத்தான் செய்தார். நானும் பேரனும் வேடிக்கை பார்த்தோம். ஜாக்கிகளின் பாதம் உள்ளங்கை அளவுதான். மண்ணில் இறங்காமல் இருக்க அடியில் பலகை வைப்பார். மூன்று கால்கள் ஜல்லித் தரையில் நல்ல பலகைமேல் நின்றன. நான்காவதற்குக் கிடைத்தது ஒரு சின்னத் துண்டு. அதுவும் ஜல்லி முடிந்து புல் தொடங்குகிற ஓரத்தில். முந்தின இரண்டு நாளும் மழை. லாரியை வெளியே எடுத்தவர், “இதோ வருகிறேன்” என்று பின்கட்டுக் கொட்டகைக்குப் போனார்.

“தாத்தா, உள்ளே போய்ப் பார்க்கலாமா?” என்றான் பேரன்.

லாரி மேல் இருந்தபோது அவர் அனுமதியோடு பலமுறை ஏறியிருக்கிறோம். அதே அறை, அதே கதவு. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பின்பக்க மடிப்புப் படியில் அவனை ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். அவன் குடுகுடுவென்று முன்பக்கம் ஓடினான்.

முதலில் அலமாரியில் கோப்பைகள் கிலுகிலுத்தன. பிறகு தரை படகுபோல மெல்ல அசைந்தது. நான் பின்னால் நகர்ந்தேன், அசைவு அதிகமாயிற்று. கீழே ஏதோ பிளக்கிற சத்தம். அதற்குப் பிறகு நடந்ததை மறக்க முடியாது. திறந்து வைத்திருந்த கதவு யாரும் தொடாமல் தானாகவே சாத்திக்கொண்டு வந்தது. காற்று இல்லை. அறைதான் சாய்ந்துகொண்டிருந்தது.

“ஆடாமல் அப்படியே நில்லுடா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. வெளியிலிருந்து அவர் “பூஜ் பா! பூஜ் பா!” என்று கத்தினார். அசையாதே என்று அர்த்தம். ஓடி வந்து, சாய்ந்த மூலைக்குக் கீழே கையிலிருந்த கட்டையைச் செருகினார். நான் தரையில் உட்கார்ந்து, பையனைத் தவழ்ந்து வரச் சொல்லி, கதவு வழியாக அவர் கையில் கொடுத்தேன். கடைசியில் நானும் உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினேன். விழவில்லை. சாய்ந்தது நான்கைந்து அங்குலம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இறங்கிய பிறகு என் முழங்கால்கள் நிற்கவில்லை.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “விட்டுவிட்டுப் போனது என் தப்பு” என்றார். நானும் என் தப்பு என்றேன். இரண்டு கிழவர்களும் மாறி மாறித் தப்பை வாங்கிக்கொண்டோம். மகளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டில் பேரனே சொல்லிவிட்டான். அவள் திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை அவர் என்னைக் கூப்பிட்டார். “வா, சரியாக நிறுத்துவோம்.” நான் எடுபிடியானேன்.

அவர் சொன்ன முதல் பாடம்: ஜாக்கி தூக்குவதற்கு, நிற்பதற்கு அல்ல. நீட்டிய கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆட்டம். ஆகவே முதலில் அறையை முடிந்தவரை தாழ்த்த வேண்டும். ஒரே மூச்சில் அல்ல. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். முன்பக்கம் எப்போதும் ஒரு விரற்கடை உயர்ந்தே இருக்க வேண்டும். படுக்கை நீண்டிருப்பதால் பாரம் முன்பக்கம் சாயும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தோம். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ, அதுவும் உள்ளே அலையடிக்கிற பாரம்.

இரண்டாவது, பாதம். ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஓரடிச் சதுரத்தில் முக்கால் அங்குலப் பிளைவுட், இரண்டடுக்கு. புல் ஓரத்தைத் தோண்டி ஜல்லி கொட்டிக் கெட்டித்தோம்.

மூன்றாவதுதான் முக்கியம். அறையின் தரைக்குக் கீழே, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, தடித்த கட்டைகளால் அவரே செய்த இரண்டு முக்காலித் தாங்கிகளை வைத்தோம். அவற்றை ‘ஷெவலே’ என்றார். சின்னக் குதிரை என்று பொருள். பாரத்தை எல்லாம் குதிரைகள் சுமக்க வேண்டும், ஜாக்கிகள் பிடித்துக்கொண்டால் போதும். இடைவெளிக்கு ஆப்பு அடித்தோம். “சிமென்ட் பிளாக் வைத்தால் என்ன?” என்று கேட்டேன். “உள்ளே வெற்றிடமுள்ள பிளாக் சொல்லாமல் உடையும். மரம் உடைவதற்கு முன் முனகும்” என்றார். நேற்று நான் கேட்ட சத்தம் ஞாபகம் வந்தது.

நான்காவது, குறுக்குக் கட்டு. பின்பக்க இரண்டு கால்களுக்கு இடையில் பட்டைக் கயிற்றைப் பெருக்கல் குறிபோல இழுத்து முறுக்கினார். முன்பக்கமும் அப்படியே. நான்கு கால் சட்டம் பக்கவாட்டில் சாயும், முக்கோணம் சாயாது. ஆடுகிற கட்டிலுக்கு நம் தச்சர் குறுக்குச் சட்டம் அடிப்பது இதற்குத்தான். அலுவலகத்தில் என் மேசையின் குட்டைக் காலுக்கு மடித்த சுற்றறிக்கையை வைத்தே காலம் தள்ளியவன் நான். அதற்கு இவ்வளவு இருக்கிறது என்று எழுபது வயதில் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் ரசமட்டத்தை வாசற்படியில் வைத்தார். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. “இப்போது ஏறு” என்றார். நான் தயங்கினேன். அவரே ஏறி உள்ளே குதித்துக் காட்டினார். கோப்பைகள் பேசவில்லை. மகள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் கேட்டபோது, “தாத்தாகூடப் போ” என்றாள்.

“இனிமேல் கவலையில்லையே?” என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். அந்த ஊரில் குளிர்காலத்தில் மண் ஆழம்வரை உறையும். மண்ணிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகப் பெருத்துத் தரையையே தூக்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. வசந்தத்தில் உருகிச் சேறாகும்போது மறுபடி இறங்கும். அந்தக் காலத்தை ‘தெஜெல்’ என்பார்கள். கனரக வண்டிகளுக்குச் சாலையில் எடைக் கட்டுப்பாடே போடுகிறார்கள். ஆகவே ஒருமுறை மட்டம் பார்த்தால் போதாது. முதல் உறைபனிக்கு முன் ஒருமுறை, பனி உருகியபின் ஒருமுறை ஆப்புகளைத் தட்டிப் பார்க்க வேண்டும், கயிற்றை இறுக்க வேண்டும்.

நான் ஊர் திரும்பி வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு படம் வரும். எழுத்து ஒன்றும் இருக்காது. பச்சைத் திரவத்தில் ஒரு குமிழி, இரண்டு கோட்டுக்கும் நடுவில். நான் அதை மகளுக்கு அனுப்பிவைப்பேன். அவள் பேரனிடம் காட்டுவாளாம்.