தன்னைத் தானே நடிக்கிறவர்கள்

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ரவுடிக் கூட்டம், கொலைகாரர்கள், விசித்திரமான மனிதர்கள் பற்றி ஒரு டாக்குமெண்டரி என்றால் ராத்திரி ரெண்டு மணி வரை கண் கொட்டாமல் பார்க்கிறவர்கள் நம்மில் நிறைய. ஆனால் உச்சிப்புளி தாண்டி ராமேஸ்வரம் போகும் ரயிலில் அதே ஆட்களுக்குப் பாம்பன் பாலம் வரும் வரை தூக்கம்தான். உச்சிப்புளியில் 2009ல் இருந்து 'பருந்து' என்ற பெயரில் கடற்படை விமானத் தளம். அடுத்து மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாம். அதற்கும் அந்தப் பக்கம் தனுஷ்கோடி. அதிகாரமும் வன்முறையும் பார்க்க இந்தோனேசியா வரை போக வேண்டியதில்லை.

இருந்தாலும் இந்தோனேசியாவில் இருந்தே ஆரம்பிக்கலாம். ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' 2012ல் வந்தது. 1965-66ல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி லட்சக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். மேடான் நகரத்தில் சினிமா டிக்கெட்டை பிளாக்கில் விற்றுக்கொண்டிருந்த அன்வர் காங்கோ அப்படிக் கொன்றவர்களில் ஒருவர். தண்டனை கிடையாது, ஊரில் மரியாதை வேறு. 'நீங்கள் செய்ததை நீங்களே நடித்துக் காட்டுங்கள்' என்றதும் உற்சாகமாகக் கிளம்பிவிடுகிறார். மொட்டை மாடியில் நின்று கம்பியால் எப்படிக் கழுத்தை இறுக்குவது என்று காட்டிவிட்டு அங்கேயே டான்ஸ் ஆடுகிறார். ஒரு காட்சியில் செத்தவன் வேஷம் போட்டு, கழுத்தில் கம்பி விழும்போது மட்டும் அவரால் முடியவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது உள்ளூர்க் கலைஞர்கள் பலருக்குப் பெயரே இல்லை, 'அனானிமஸ்' என்றுதான் வருகிறது. கொன்றவன் முகத்தைக் காட்டுகிறான், படம் எடுத்தவன் ஒளிந்துகொள்கிறான்!

லீனா மணிமேகலையின் 'செங்கடல்' இதற்குத் தலைகீழ். முழு டாக்குமெண்டரி இல்லை; கதை இருக்கிறது. லீனாவே படம் எடுக்கும் பெண்ணாக வருகிறார். எழுத்தாளர் ஷோபாசக்தி எழுத்திலும் பங்கு, நடிப்பிலும் பங்கு (2015ல் கான் விழாவில் பெரிய விருது வாங்கிய 'தீபன்' படத்தின் நாயகன் இவர்தான்). மற்றபடி தனுஷ்கோடி மீனவர்களும் அகதிகளும் தங்களையே நடிக்கிறார்கள். இங்கே நடிப்பவன் அடித்தவன் இல்லை, அடி வாங்கியவன். நாளைக்கும் அவன் அதே கடலுக்குத்தான் போக வேண்டும். அப்படியும் முகத்தைக் காட்டுகிறான்.

நியூஸ் சேனல் கேமரா இந்தக் கரைக்கு வருவது பெரும்பாலும் பிணம் வரும்போதுதான். அரை நிமிஷம் அழுகை, ஒரு கண்டன அறிக்கை, முடிந்தது. செங்கடலில் அதே ஜனங்கள் பேசுகிறார்கள், கோபப்படுகிறார்கள், வாய் நிறையத் திட்டுகிறார்கள், இரண்டு அரசாங்கத்தையும் சேர்த்து.

2011 தொடக்கத்தில் சென்னைத் தணிக்கைக் குழு சான்றிதழ் தர மறுத்தது. இந்திய, இலங்கை அரசுகளை இழிவாகப் பேசுகிறதாம். கெட்ட வார்த்தை வேறு இருக்கிறதாம். வலையை அறுத்து, மீனைக் கடலில் கொட்டி, அடித்துத் திருப்பி அனுப்பினால் ஒரு மனிதன் என்ன திருக்குறளா சொல்லுவான்? லீனா விடாமல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், அதே வருஷம் ஒரு வெட்டும் இல்லாமல் வாங்கிவிட்டார். கோவா திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாவிலும் படம் இடம்பிடித்தது.

அந்தத் தீர்ப்பாயத்தை 2021ல் மத்திய அரசு கலைத்துவிட்டது. இப்போது இப்படி ஒரு படத்துக்கு சான்றிதழ் மறுத்தால், எடுத்தவர் நேராக ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், வக்கீல் பீஸோடு.