கூலன்ட்டும் என் காஸ்ட் கட்டிங்கும்

பி.காம் படிக்கிற பையனுக்கு இரும்பு அறுக்கிற மெஷினிடம் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கோவை கணபதியில் சித்தப்பாவுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. அங்கே ஒரு பேண்ட்சா மெஷின். சனிக்கிழமைகளில் போய்க் கணக்கு எழுதுவது என் வேலை.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்த ஜோரில் இருந்த நேரம். செலவுப் பட்டியலில் கூலன்ட் ஆயில் கண்ணில் பட்டது. பிளேடு சூடேறாமல் இருக்கத் தண்ணீரில் கலந்து விடுவார்களே, பால் மாதிரி வெள்ளையாக, அதுதான். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் ஆயில் கலந்துகொண்டிருந்தார்கள். "அரை லிட்டர் போதும்" என்று சொல்லிவிட்டேன். "பத்தாதுங்க தம்பி" என்றார் மெஷின் ஓட்டும் அண்ணன். நான் கேட்கவில்லை. சித்தப்பாவும், படிச்ச பையன் சொல்றான் என்று விட்டுவிட்டார்.

முதல் மாதம் செலவு குறைந்தது. பெருமை தாங்கவில்லை. மூன்றாம் மாதம் பிளேடு பில் எகிறிவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே, "ஏண்ணா இத்தனை பிளேடு?" என்று கேட்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து காட்டினார். அழுகிய முட்டை நாற்றம். பிறகு தன் இரண்டு கைகளையும் காட்டினார். விரலிடுக்கெல்லாம் சிவந்து, தோல் வெடித்திருந்தது.

அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கலவை நீர்த்துப் போனால் வழவழப்பு குறையும். பிளேடின் பல் சூடேறி மழுங்கும். துருவையும் கிருமியையும் தடுக்கும் மருந்து அந்த ஆயிலில்தான் இருக்கிறது. அதையும் நான் பாதியாக்கிவிட்டேன். போதாததற்கு மெஷினிலிருந்து கசியும் ஹைட்ராலிக் ஆயில் மேலே ஆடை மாதிரி படிந்து, காற்றை உள்ளே விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடாமல் கிடக்கும்போது அடியில் கிருமி பெருகும். திங்கள்கிழமை காலையில் நாற்றம் தூக்குவது அதனால்தான்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவரோடு வேலையில் இறங்கினேன். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் விடாமல் பேரலில் பிடித்து வைத்தோம். அடியில் இருந்த சேற்றை வழித்தோம். வடிகட்டியில் சிக்கியிருந்த இரும்புச் சீவலை எடுத்தோம். நாசில் பாதி அடைத்திருந்தது. அதைக் குத்திச் சுத்தம் செய்து, பிளேடு இரும்புக்குள் நுழையும் இடத்தில் விழும்படி திருப்பி வைத்தோம். புதிதாகக் கலக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு கலக்கிக்கொண்டே ஆயில். மாற்றிச் செய்தால் சரியாகக் கலக்காது என்று சொல்லிக் கொடுத்தார். பக்கத்துப் பட்டறையில் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி அளவும் பார்த்தோம். ஓட ஓடத் தண்ணீர்தான் ஆவியாகும்; ஆனாலும் வெறும் தண்ணீரை ஊற்றாமல், லேசாக ஆயில் கலந்துதான் நிரப்ப வேண்டுமாம்.

பிளேடு பில் இப்போது பழையபடி இறங்கிவிட்டது. அவர் கை ஆற இன்னும் அதிக நாள் ஆனது. அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். "அட, விடுங்க தம்பி. இனி கேட்டுட்டு மாத்துங்க" என்றார், அவ்வளவுதான்.