50 ஹெர்ட்ஸ்

போன சனிக்கிழமை அப்பாவை மாலா சாப்பிடக் கூட்டிப்போனேன். தோ பாயோவில் ஒரு காப்பிக்கடை. தாமரைத் தண்டு, காளான், மீன் உருண்டை என்று அவரே கிண்ணத்தில் அள்ளிப் போட்டார். எடை போட்டுத்தான் காசு. எவ்வளவு காரம் என்று கேட்ட ஆன்ட்டியிடம் நான் "சியாவ் லா" என்றேன், சின்னக் காரம். "அது பாப்பா சாப்பிடுறதுடா" என்று அப்பா முறைத்தார்.

காரம் அவருக்குப் புதுசில்லை. உதடு மரத்துப்போவதுதான் புதுசு. சிச்சுவான் மிளகில் இருக்கும் சான்ஷூல் என்ற பொருள் உதடு துடிப்பதுபோல் உணர வைக்கிறது. லண்டன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கணக்கில் அந்தத் துடிப்பு கிட்டத்தட்ட 50 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரமும் அதே 50! (எலெக்ட்ரிக்கல் படித்தவனுக்கு இதெல்லாம் ஒரு சந்தோஷம்.) இதை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா கவனிக்கவில்லை, உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கவாதம் வந்து எட்டு மாசம். வாயின் இடப் பக்கத்தில் அவருக்கு உணர்ச்சி குறைவு. சோறு ஒட்டியிருந்தால் அம்மாதான் ஜாடை காட்டுவார்.

"டேய், இப்பதான்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு."

நான் பார்லித் தண்ணி வாங்க எழுந்து போனேன். வரிசை நீளமில்லை, இருந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது தாமரைத் தண்டு ஒன்றுகூட மிச்சமில்லை.