'இஃப்' போட்டால் 'வில்' எங்கே போகும்?



1824இல் அமெரிக்க மிஷன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய ஊர் உடுவில். ஆங்கிலம் இங்கே இருநூறு வருசப் பழக்கம். இருந்தும் தரம் 10இல் நாங்கள் திருத்துகிற கொப்பிகளில் பாதியில் "இஃப் இட் வில் ரெயின்" என்றுதான் இருக்கிறது.

பிள்ளைகளின் கணக்கிலும் நியாயம் உண்டு. மழை இனித்தானே பெய்யப்போகிறது, 'வில்' வேண்டாமா? சட்டத்தைப் பாடமாக்கச் சொல்லிப் பார்த்தோம், பலனில்லை. பிறகு தமிழிலேயே கேட்டோம்: நாளை மழை "பெய்வால்" என்றா சொல்கிறீர்கள்? வகுப்பே சிரித்தது. "பெய்தால்" என்கிறோம். வந்தால், போனால், சாப்பிட்டால், எல்லாமே இறந்தகால வடிவத்தில் 'ஆல்' சேர்த்தவை. நாங்களும் அந்த இடத்தில் எதிர்காலம் போடுவதில்லை.

இரண்டாம் வகையில்தான் தமிழ் கைவிடுகிறது. "பஸ் இருந்தால் வருவேன்", "சிறகு இருந்தால் பறப்பேன்". எங்களுக்கு இரண்டும் ஒரே "இருந்தால்". ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கு "இஃப் தேர் இஸ்", 'வில்'. இல்லாத சிறகுக்கு "இஃப் ஐ ஹாட்", 'வுட்'. நடக்கக்கூடியதையும் நடக்காததையும் வினைச்சொல்லே பிரித்துவிடும்.

மூன்றாம் வகை, முடிந்துபோனதற்கு. "படித்திருந்தால் பாஸ் பண்ணியிருப்பாய்" என்று வீட்டில் வாங்குகிற ஏச்சுத்தான் உதாரணம். அப்போது ஒரு பிள்ளை, "டீச்சர், நீங்கள் உங்கட வசனம் ஒன்று சொல்லுங்கோ" என்றாள்.

யோசிக்காமல் எழுதிவிட்டோம்: "இஃப் வீ ஹாட் ஸ்டேட் இன் ஜஃப்னா,". கமாவுக்குப் பிறகு வெண்கட்டி நகரவில்லை. 1990 ஒக்டோபர் 30. யாழ் நகர முஸ்லிம்களுக்குத் தரப்பட்டது இரண்டு மணி நேரம். சோனகதெரு வீட்டைப் பூட்டி, திறப்பை உம்மாவிடம் கொடுத்தார் வாப்பா. எங்களுக்கு எட்டு வயது. புத்தளத்தில்தான் வளர்ந்தோம். வாப்பா அடங்கியதும் அந்த மண்ணில்தான். இதில் எதை 'வுட் ஹாவ்' ஆக்குவது?

அந்தப் பிள்ளையே எழும்பி முடித்தாள்: "யூ வுட் ஹாவ் பீன் மை மதர்ஸ் கிளாஸ்மேட்." தாய் அப்போது டவுனில் மூன்றாம் வகுப்பாம். எங்கள் வயதுதான்.

வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. சரி போட்டோம்.

வியாழக்கிழமை தாய் பாடசாலைக்கு வருகிறாவாம், எங்களைப் பார்க்க. இன்ஷா அல்லாஹ் சந்திப்போம். (அல்லாஹ் நாடினால். இதுவும் 'இஃப்' தான் பிள்ளைகளே, முதலாம் வகை.)